நோட்டீஸ் காலத்தில் ஒன்பது நாள் லீவு

சித்திரை பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து என் பெயர் மஞ்சளாக இருக்கிறது. மஸ்கட்டுக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில், இயந்திர உதிரிபாகங்கள் வைக்கும் கிடங்கில் நான் ஸ்டோர் கீப்பர். கிடங்கின் கதவில் வாராவாரம் ஷிப்டு அட்டவணை ஒட்டுவார்கள். வேலையில் இருப்பவர்களின் பெயர் வெள்ளைக் கட்டத்தில் இருக்கும். லீவில் போனவர்களுக்குப் பச்சை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்களுக்கு மஞ்சள். இருபத்திரண்டு வருடம் வெள்ளையில் இருந்த என் பெயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சளாகியிருந்தது. அன்று முதல் சாவி ரிஜிஸ்டரில் நான் கையெழுத்துப் போட வேண்டாம் என்றார்கள். ஆனால் கதவைத் திறக்க வேண்டியது நான்தான். சாவியை இன்னொருவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுப்பார். நான் திறந்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுப்பேன்.

இது எனக்குப் புதிதல்ல என்பது இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. முதன்முதலில் விசா வந்து, விமானம் ஏற மூன்று வாரம் காத்திருந்தபோது என் ஊர் வாலிகண்டபுரத்திலும் இதேதான் நடந்தது. எங்கள் காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்கும் சமயம். மறுநாள் வேலைக்கு ஆள் பிரித்த அண்ணன் என் பெயரை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நீதான் போறவனாச்சேடா" என்றார். கோபமில்லாமல், இரக்கமில்லாமல், இன்று மழை வராது என்பதுபோல. அந்த மூன்று வாரமும் ஊருக்குள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் பெரம்பலூர் பேருந்து நிலையம் வரை போய்ப் போய்த் திரும்பினேன். அங்கிருந்து கிளம்பும்போது இருந்த அந்த இருப்புக்கொள்ளாமை, இங்கிருந்து கிளம்பும்போதும் வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டது.

ஏன் ராஜினாமா செய்தேன் என்று என்னைக் கேட்டவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றேன். உண்மை வேறு. நான் தினமும் டைரி எழுதுகிறவன். எழுந்த நேரம், வேலைக்குப் போன நேரம், வந்த சரக்கு, பேசிய போன், எல்லாம் இருக்கும். பங்குனியில் ஒரு நாள் பழைய டைரி ஒன்றை எதற்கோ புரட்டினேன். "காலை 4.40 எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. பதினோரு மணிக்குச் சரி செய்தார்கள். மாலை செல்வியிடம் பேசினேன்" என்று இருந்தது. முந்தின நாள் இரவில்தான் புது டைரியில் அதே நாலு வரியை, எழுத்து மாறாமல் எழுதியிருந்தேன். இரண்டுக்கும் இடையே எட்டு வருடம். இரண்டு டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சித்திரை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாத நோட்டீஸ். வைகாசியின் கடைசி நாளோடு வேலை முடியும் என்று கணக்கிட்டு எழுதி வைத்தேன்.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி செல்வியிடமும் சொல்லவில்லை. எங்கள் ஒரே மகள் நிவேதாவைத் தை மாதம் நான் வருட லீவில் வந்திருந்தபோது அரியலூரிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்திருக்கிறது என்று பங்குனியில் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில் செல்வியிடம் பேசும்போதெல்லாம், "பொண்ணோட அப்பா வெளிநாட்டுல இருக்காருன்னு எங்க சொந்தத்துல எல்லாருக்கும் சந்தோசம்" என்பாராம். அதைச் செல்வி எனக்குச் சொல்வாள். இதற்கு நடுவே நான் எதைச் சொல்வது. நோட்டீஸ் முடிந்து வந்து நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் வைகாசி பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று நாள் குறித்துவிட்டார்கள்.

நோட்டீஸ் காலத்தில் லீவு கேட்பது ஒரு தினுசான காரியம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஊரில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எத்தனை நாள் லீவு எடுக்கிறோமோ அத்தனை நாள் நோட்டீஸ் பின்னால் நீளும். அதோடு, போகிறவன் திரும்பி வரமாட்டான் என்ற பயம் கம்பெனிக்கு உண்டு. அதனால் கூட வேலை செய்யும் ஒருவர், இவன் வருவான் என்று ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் கையெழுத்துப் போட்டவரின் வருட லீவு நின்றுபோகும்.

லீவு அலுவலகத்தில் சாலிம் என்ற ஓமானியர் இருக்கிறார். என்னைவிட வயதில் சிறியவர், மரியாதையானவர். என் மனுவைப் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகப் போகிறாய். இப்போது வீட்டுக்குப் போய்விட்டு, திரும்பி வந்து, மறுபடி வீட்டுக்குப் போவாயா?" என்று கேட்டார். மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றேன். எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி "மப்ரூக்" என்று வாழ்த்தினார். கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார். கல்யாணம் பிறகுதான், இது அதற்கு முன்னால் நடப்பது என்று விளக்கினேன். அவர் முகம் குழம்பியது. "அதில் உனக்கு என்ன வேலை?" என்றார். யோசித்துப் பார்த்தேன். "உட்கார்ந்திருக்க வேண்டும்" என்றேன். "ஒன்பது நாளா?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஜாமீன் போட்டவர் என் அறையில் இருக்கும் ஜபருல்லா பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், பதினான்கு வருடமாகப் பக்கத்துக் கட்டில். பேனாவை வாங்கிக்கொண்டே, "அண்ணே, நீங்க வரலேன்னா என் லீவு போச்சு. என் வூட்டுக்காரி வாலிகண்டபுரத்துக்கே வந்துரும், பாத்துக்குங்க" என்றார். "வந்துருவேன் பாய்" என்றேன். "இன்ஷா அல்லான்னு சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான் செய்த தவறு பெட்டி கட்டும்போது நடந்தது. விமானத்தில் முப்பது கிலோதான். இருபத்திரண்டு வருடச் சாமான் ஒரு நடையில் வராது. இப்போது ஒரு நடை, முடித்துக்கொண்டு போகும்போது ஒரு நடை என்று இரண்டாகப் பிரித்தால் சரியாக வரும் என்று பட்டியல் போட்டேன். முதல் நடைக்கு என் குக்கர், இஸ்திரிப் பெட்டி, தலையணை உறைகள், போர்வை, பழைய டைரிகள் பதினொன்று. ஒவ்வொன்றையும் எடை பார்த்து, டிக் அடித்து, அட்டைப் பெட்டியில் வைத்துக் கயிறு போட்டேன். பாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லீவில் போகிறவன் என்ன கொண்டுபோவான், கேன்சலில் போகிறவன் என்ன கொண்டுபோவான் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லீவில் போகிறவன் பெட்டியில் அடுத்தவர்களுக்கான பொருள் இருக்கும். பால் பவுடர், தைலம், சோப்பு, புதுப் போர்வை. விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டுப் போகிறவன் பெட்டியில்தான் அவனுடைய சொந்தப் பொருள் இருக்கும். எடையைச் சரியாகப் பார்த்த எனக்கு இது தோன்றவில்லை.

திருச்சியில் இறங்கி பஸ் பிடித்தேன். சிறுவாச்சூரில் கோயிலுக்கு வந்த கூட்டம் ஏறி, நிற்க இடமில்லாமல் போனது. என் அட்டைப் பெட்டிமேல் ஒரு அம்மா அனுமதி கேட்காமல் உட்கார்ந்துகொண்டார். "லீவா தம்பி?" என்றார். "ஆமாங்க" என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் பெரம்பலூர் வரும்வரை அவர் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் செல்வி பெட்டியைப் பிரித்தாள். மேலேயே இருந்த குக்கரைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்னங்க, கரி புடிச்ச குக்கரு?"

"பழசுதான். இங்க இருக்கட்டும்னு."

"அப்ப அங்க எதுல சமைப்பீங்க?"

அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி. போர்வை. டைரிகள். கடைசியில் தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேன்சல்ல வந்துட்டீங்களா?"

"இல்ல. நோட்டீஸ்ல வந்துருக்கேன்."

நோட்டீஸ் என்றால் என்ன, எத்தனை நாள், எப்போது முடியும் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்" என்றாள். "கத்திட்டு, ரெண்டு நாளு பேசாம இருந்துட்டு, அப்புறம் சரின்னு சொல்லியிருப்பேன். அதுக்குக்கூட வழி இல்லாமப் பண்ணிட்டீங்க." கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "நிச்சயம் முடியற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. டைரியில எழுதறதோட நிறுத்திக்குங்க."

சரி என்றேன். அவள் குக்கரைத் தேய்க்க எடுத்துப் போனவள் திரும்பி வந்தாள். "இதுக்கு வெயிட்டு எங்க?"

மூடிமேல் போடும் வெயிட்டை நான் எப்போதும் தனியாக, ஸ்பூன் வைக்கும் டப்பாவில் போட்டு வைப்பேன், தொலைந்துவிடக் கூடாது என்று. டப்பா அங்கேயே இருந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். "குக்கர்" என்று ஒரே வரி. டிக் அடித்திருந்தது. செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டியல் போட்டுப் பொட்டி கட்டுற மனுசன்" என்று சொல்லிவிட்டு, உடனே முகத்தைக் கடினமாக்கிக்கொண்டாள்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே. அரியலூரிலிருந்து ஒரு வேனில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை சதீஷ் சர்வேயர், அதிகம் பேசாதவர். அவருடைய அப்பா கலியபெருமாள், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். யார் வந்தான், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் என்று பார்ப்பதே அவர் வேலையாக இருந்திருக்கிறது. இன்னும் சட்டைப் பையில் இரண்டு பேனாவும் சின்ன காலண்டரும் வைத்திருக்கிறார். தட்டுகளை வைத்து, வெற்றிலை பாக்கு எடுத்து, பத்திரிகை எழுத உட்கார்ந்தபோது அவர் சொன்னார்: "சம்மந்தி, ஜோசியரு ரெண்டு தேதி குடுத்துருக்காரு. ஆனி ஆறு. அத விட்டா ஆவணிதான். நடுவுல ஆடி வந்துருது."

"ஆவணி வரைக்கும் எதுக்கு இழுக்கணும்?" என்றார் அவர் மனைவி. "ஆனி ஆறே எழுதுங்க."

வைகாசி கடைசியோடு ஒன்பது நாளைக் கூட்டினால் ஆனி ஒன்பது. அன்றுதான் என் வேலை முடியும். அதற்கு மூன்று நாள் முன்னால் என் மகளுக்குக் கல்யாணம். நிச்சயத்தில் உட்கார்ந்திருப்பதற்காக எடுத்த லீவு, கல்யாணத்தில் உட்கார முடியாமல் செய்துவிட்டது. கதவோரம் நின்ற செல்வி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்கிறாளா, ஏதாவது சொல்லு என்கிறாளா என்று தெரியவில்லை.

"ஆவணியா இருந்தா கொஞ்சம் வசதி" என்றேன்.

"என்ன வசதி?" சம்மந்தியம்மாவின் குரல் மாறியது.

"லீவு கெடைக்கறது கொஞ்சம்..."

"இப்பக் கெடைச்சுருக்குல்ல?"

கலியபெருமாள் பேனா மூடியைப் போட்டார். "சம்மந்தி, தப்பா நெனைக்காதீங்க. தையில பொண்ணு பாக்க வந்தப்ப வருச லீவுல இருந்தீங்க. நாப்பது நாளுன்னு சொன்னீங்க. நாலு மாசத்துல மறுபடியும் ஒன்பது நாளு. எங்க ஆலையில கேட்ட ஒடனே லீவு கெடைக்கறது ரெண்டே பேருக்குத்தான். ஒண்ணு மேலிடத்துக்கு வேண்டியவன். இன்னொண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போறவன். உங்களப் பாத்தா மேலிடத்துக்கு வேண்டியவரு மாதிரி தெரியல."

வேனில் வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நிவேதா பட்டுப் புடவையில் ஜமுக்காளத்தின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுத்துட்டேன் சம்மந்தி" என்றேன்.

சம்மந்தியம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வெளிநாட்டுச் சம்மந்தின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சுருக்கேன். பொண்ணு காட்டுனப்பவே இது தெரியுமா?"

நியாயமான கேள்வி. "இல்லைங்க. சித்திரையிலதான் குடுத்தேன். வீட்டுல இவளுக்கே நேத்துதான் தெரியும்."

"நேத்துங்கூட இவரு சொல்லலைங்க" என்று செல்வி கதவோரத்திலிருந்தே ஆரம்பித்தாள். அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அந்தக் குரலில் இருந்தது. "இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்துற எனக்கு, குக்கரப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. கரி புடிச்ச குக்கரு. அதுவும் வெயிட்டு இல்லாம."

சம்மந்தியம்மா அவளையே பார்த்தார். பிறகு தன் கணவரைப் பார்த்தார். "இவரும் இதேதாங்க. ரிடையர் ஆகற தேதிய எனக்குச் சொன்னது இவரு இல்ல. கூட வேலை செஞ்சவன் பாராட்டு விழாப் பத்திரிகைய வூட்டுல குடுத்துட்டுப் போனான்."

"ஆபீஸ் விசயம் ஆபீஸோட" என்றார் கலியபெருமாள்.

"கேட்டீங்களா?" என்றார் சம்மந்தியம்மா, செல்வியிடம். செல்வி கதவோரத்தை விட்டு உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எங்கள் இருவருக்கும் எதிராக ஒரு கட்சியாகிவிட்டார்கள். கல்யாணம் நிற்காது என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனாலும் சம்மந்தியம்மா ஒன்று கேட்டார்: "இங்க வந்து என்ன செய்யறதா உத்தேசம்?" எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நான் அதை மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பாக்கலாங்க என்றேன். அவருக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

நிவேதா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பா, ஆனி ஆறுக்கு வந்துருவீங்களா?"

கலியபெருமாள் கையை நீட்டி என்னைப் பதில் சொல்லவிடாமல் தடுத்தார். சின்ன காலண்டரை எடுத்தார். லீவு எப்போது தொடங்கியது, எத்தனை நாள், நோட்டீஸ் எந்தத் தேதி என்று கேட்டு, தாம்பூலத் தட்டுக்கு வைத்திருந்த காகிதத்தின் பின்னால் எழுதினார். முப்பத்தோரு வருடப் பழக்கம் அவர் கையில் திரும்பி வந்துவிட்டது. "சம்மந்தி, எடுத்த லீவுதான் நோட்டீஸ்ல சேரும். சாங்ஷன் ஆன லீவு சேராது. இன்னைக்கோட மூணு நாளு. நாளைக்கு ஏறுனா நாலு நாளு. அஞ்சாம் நாளு டூட்டியில நின்னீங்கன்னா மிச்சம் அஞ்சு நாளும் நோட்டீஸ்ல கழிஞ்சுரும். ஆனி நாலோட வேலை முடியும். அஞ்சாம் தேதி காலையில திருச்சி. ஆறாம் தேதி மணவறை பக்கத்துல நீங்க."

"நாளைக்கேவா?" என்றாள் செல்வி.

"நாளைக்கு விட்டா ஒருநாளு கூடிரும்மா" என்றார் அவர். என்னைப் பார்த்து, "எழுதிரட்டுங்களா?" என்றார். எழுதச் சொன்னேன்.

வேன் போன பிறகு செல்வி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "போகாமலே இருந்துட்டா என்னங்க? அதான் விட்டாச்சுல்ல." பாய் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் வேலையை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அவங்க வூட்டம்மா எப்ப வருவாருன்னு தேதி எண்ணிக்கிட்டு இருக்கும்" என்றாள். "போயிட்டு வாங்க." எத்தனையோ தடவை இந்த வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவை சொன்னபோது என்னைப் பார்க்காமல் அட்டைப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

டிக்கெட்டை மாற்றி, மறுநாள் கிளம்பினேன். வந்தபோது நின்றுகொண்டே வந்த பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் கிடைத்தது. சிறுவாச்சூரில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்காக வீட்டிலிருந்து அவசரமாகக் கிளம்பியிருக்கிறேன் என்பதை டைரியில் எப்படி எழுதுவது என்று புரியாமல், "காலை 9.15 பஸ்" என்று மட்டும் எழுதினேன்.

அஞ்சாம் நாள் காலையில் என்னைக் கண்டதும் சாலிம் எழுந்துவிட்டார். ஒன்பது நாள் லீவை விட்டுவிட்டு நாலு நாளில் வந்து நிற்கிறேன். கல்யாணம் நின்றுவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, சீக்கிரம் போவதற்காகச் சீக்கிரம் வந்தேன் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இன்றுவரை அவர் நம்பவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம் மகள் நன்றாக இருக்கிறாளா என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்கிறார். கதவிலிருந்த அட்டவணையில் எனக்கு நாலு கட்டம் பச்சை, மறுபடி மஞ்சள். கடைசி நாளுக்கான தேதியை ஒன்பது நாள் தள்ளி அச்சிட்டு, அதையும் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பேனாவால் புதுத் தேதி எழுதியிருந்தார்கள்.

அன்று சமைக்கும்போது பாய் தன் சட்டியை என் பக்கம் தள்ளினார். "குக்கரு அங்க சுகமா இருக்காண்ணே?" என்றார். "வெயிட்ட டப்பாவுல பாத்தேன். ஃபோன் போட்டுச் சொல்லலாம்னு நெனைச்சேன். அப்புறம், அண்ணன் தெரிஞ்சுதான் வச்சுட்டுப் போயிருப்பாருன்னு விட்டுட்டேன்." மறந்துவிட்டேன் என்றால் நம்பமாட்டார். நானே நம்புவதில்லை சில நேரம்.

பெரம்பலூரில் எந்தப் பாத்திரக்கடையிலும் வெயிட் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள் என்று செல்வியிடம் போனில் சொன்னேன். "வேற வெயிட்டு இதுக்குச் சேராது" என்றாள். சேரும். அது எல்லாக் கடையிலும் விற்கிற ரகம்தான், அவளுக்கும் தெரியும். நான் வற்புறுத்தவில்லை. ஆனி நாலுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. இங்கே வெயிட் என் டைரிமேல் இருக்கிறது, ஏசி காற்றில் பக்கம் புரளாமல் இருக்க. அங்கே குக்கரைத் தேய்த்து, மூடி போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். வெயிட் உட்காரும் சின்னக் குழாய்க்குள் எறும்பு போகாமல் இருக்க, தலையணை உறையிலிருந்து ஒரு துண்டுத் துணி கிழித்துச் சொருகியிருக்கிறாளாம்.